உருள்வதெல்லாம் உறவல்ல

திருகோணமலையில் மாரி தொடங்கி ஒரு கிழமை போன பிறகு எந்த வளவிலாவது ஒரு பூச்சாடியைத் தூக்கிப் பாருங்கள். சாடி இருந்த ஈர வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உயிர்கள், ஐசோபொட்கள், நாலு பக்கமும் சிதறும். சில விழுந்தடித்து ஓடும். சில, தொட்டவுடன் மிளகு போல உருண்டு அசையாமல் கிடக்கும். போனில் ஒரு படம் எடுத்து, உயிரினங்களின் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் போட்டால் பெரும்பாலும் உடனேயே பதில் வந்துவிடும்: ஆர்மடில்லிடியம் வல்காரே.

அந்தப் பதிலை நம்ப வேண்டாம்.

செயலியைக் குற்றம் சொல்லவும் முடியாது. அது படித்துப் பழகியதில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட படங்கள். அங்கே தோட்டத்தில் உருளுகிறது என்றால் பெரும்பாலும் அந்த இனம்தான். மத்தியதரைக் கடல் பக்கத்துச் சொந்தக்காரர். மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு மிதமான காலநிலையுள்ள நாடுகளுக்கெல்லாம் போய்க் குடியேறிவிட்டார். எங்கள் கரையோரச் சூட்டில் உருளுபவை பெரும்பாலும் வேறு குடும்பம். ஆனால் போன் படத்தில் தெரிவது முதுகு மட்டும்தானே? முதுகை மட்டும் பார்த்தால் எனக்கும் இரண்டும் ஒன்றுதான்.

இவற்றை ஐசோபொட் என்றே இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் உருண்டைப் பூச்சி என்பார்கள், அதுவும் சரிதான், ஆனால் இவை பூச்சி இல்லை. நண்டு, இறால் வகையறா. பூச்சிக்கு 3 சோடிக் கால் என்றால் இவற்றுக்கு 7 சோடி. உடலின் பின்பகுதிக்கு அடியிலுள்ள தட்டையான உறுப்புகளால் மூச்சு விடுகின்றன. தாய் தன் மார்புக்குக் கீழே நீர் நிறைந்த ஒரு பையில் முட்டைகளைச் சுமக்கிறது. கடலை விட்டுக் கரையேறினாலும் ஒரு துளிக் கடலைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறது என்று சொல்லலாம். உலகம் முழுக்க 3,700க்கும் அதிகமான தரை ஐசோபொட் இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, முதுகு உதவாது என்றால் எதைப் பார்ப்பது? வாலை.

உருண்டு கிடப்பதை ஒரு வெள்ளைப் பீங்கானில் விட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். விரிந்து நடக்கத் தொடங்கியதும் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்சால் பின்முனையைப் பாருங்கள். நடுவில் முக்கோணம் போலவோ வேறு வடிவத்திலோ ஒரு தகடு இருக்கும். அதன் இரு பக்கமும் வால் உறுப்பு ஒன்று ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு அடிப்பாகம், அதிலிருந்து பிரியும் கிளைகள். ஆர்மடில்லிடியம் என்றால் நடுத்தகடு நேர்விளிம்புகளோடு பின்னோக்கி ஒடுங்கும். அதற்கும் பக்கத்துத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெளியை வால் உறுப்பின் வெளிக்கிளை அகன்று தட்டையாகி அடைத்துக்கொண்டிருக்கும். எங்கள் வளவுகளில் உருளுபவற்றில் கதை வேறு. நடுத்தகடு இடையில் இறுகி, உடுக்கை வடிவில் இருக்கும். இடைவெளியை அடைப்பது வால் உறுப்பின் அடிப்பாகம். வெளிக்கிளை இத்தனூண்டு முளையாக அதன் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேடினால்தான் தெரியும். இது ஆர்மடில்லிடே குடும்பம். முதலாவது ஆர்மடில்லிடியிடே குடும்பம். பெயர் வைத்தவர்களுக்கு எங்கள் நாக்கைப் பற்றிக் கவலையே இருக்கவில்லை.

வாலைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வாருங்கள். தலைக்கு அடுத்த முதல் வளையத்தின் பக்க ஓரத்தை, பின்மூலையில், கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு சின்னப் பிளவு தெரியும். இரண்டாவது வளையத்துக்கு அடிப்பக்கத்தில் ஒரு பல். உருளும்போது மற்ற வளையங்களின் விளிம்புகள் இந்தப் பிளவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உருண்டை அவ்வளவு இறுக்கமாக மூடுவதற்கு இந்த அமைப்புத்தான் காரணம். இந்தப் பிளவு எவ்வளவு ஆழம், பல் எந்த வடிவம் என்பதெல்லாம் பேரினங்களை, அதாவது ஒரு குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் கூட்டங்களை, பிரிக்க உதவும். என் பின்வளவில் கிணற்றடிக் கற்களுக்குக் கீழே இருப்பது, எலிச் சாம்பல் நிறம், முதுகில் மேடு பள்ளம், வால், பிளவு எல்லாவற்றிலும் கியூபாரிஸ் முரினாவோடு ஒத்துப்போகிறது. வெப்ப வலய நாடுகளெங்கும் காணப்படும் இனம் அது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உருளும் பழக்கம் ஒரே பரம்பரையில் வந்த சொத்து அல்ல. ஐசோபொட்களுக்குள்ளேயே வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. 1984இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஷ்மால்ஃபுஸ் இவற்றை வாழும் முறையை வைத்து வகைப்படுத்தினார்: கால் நீண்டு வேகமாக ஓடுபவை, தட்டையாகத் தரையோடு ஒட்டிக்கொள்பவை, உருளுபவை, முள் வளர்த்தவை, மண் இடுக்கில் ஊர்பவை, இவற்றில் எதிலும் அடங்காத சில. இந்தப் பிரிவு பிழைக்கும் வழியைச் சொல்கிறதே தவிர உறவைச் சொல்லவில்லை. ஓடுவதெல்லாம் ஒரு குடும்பம், உருளுவதெல்லாம் ஒரு குடும்பம் என்று போட்டுக் குழப்பிக்கொள்வது படம் பார்த்து ஆரம்பிக்கும் எல்லோருக்கும் வரும் வியாதி. மலைநாட்டு ஈரக்காடுகளில் பெரிய உருண்டையாகச் சுருளும் ஆர்த்ரோஸ்பேரா இன்னும் தூரத்துக் கதை. அது மரவட்டைக் கூட்டம். நடக்கும் கால் மட்டும் 21 சோடி.

இனி ஓடுவதைப் பார்ப்போம். நீலச் சாம்பல் நிறம், மேலே தூள் படர்ந்த பூச்சு. விரல் பட்டால் பூச்சு அழிந்து கீழே செம்பழுப்பு தெரியும். உணர்கொம்பின் கணுக்களில் வெளிறிய வளையங்கள். ஆட்டுப் புழுக்கை, மாட்டெரு, கூட்டெருக் குழி, அழுகும் பொச்சுமட்டை, இவை இருக்கும் இடத்தில் எல்லாம் இதுவும் இருக்கும். போர்செல்லியோனிடீஸ் புருயினோசஸ். மனிதர் போன இடமெல்லாம் பின்னால் போன இனம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். கியூபாரிஸ் முரினாவுக்கும் இதற்கும் பெயர் வைத்தவர் ஒருவரே: சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த பிராண்ட். இரண்டும் ஒரே ஆண்டு, 1833.

திருகோணமலை போன்ற ஊருக்கு இப்படிப்பட்ட பிரயாணிகள் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. பாய்க்கப்பல் காலத்தில் சரக்கு குறைவாக இருக்கும் கப்பல் ஆடாமல் இருக்கக் கல், மணல், மண் என்று அடிப்பாரம் ஏற்றுவார்கள். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் அதைக் கொட்டிவிட்டுச் சரக்கு ஏற்றுவார்கள். மண்ணோடு மண்ணாக எறும்பு, விதை, ஐசோபொட் எல்லாம் இறங்கும். வேரோடு கொண்டுவந்த செடிகள் இன்னொரு வழி. போர்த்துக்கேயர் 1624இல் இங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அவர்களுடைய கடற்படை 1957 வரை இந்தத் துறைமுகத்தில் இருந்தது. எந்தக் கப்பலில் எது வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வளவில் கிடைப்பதை வைத்து இலங்கையின் ஐசோபொட் இவைதான் என்று முடிவு கட்டினால், ஜெட்டியில் நின்று இறங்கும் ஆட்களை மட்டும் பார்த்து ஊர்ச் சனத்தொகையை எண்ணிய கணக்காகிவிடும்.

ஊர்க்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் சருகுக்குள் போக வேண்டும். கன்னியா வீதியை விட்டு உள்ளே போனால் பாலை, வீரை நிற்கும் பற்றைக்காடுகள். மாரிக்குப் பிறகு அங்கே மரத்தடியில் மேல்சருகை விலக்கி, கீழே கறுத்து நைந்த சருகு மண்ணோடு சேரும் இடத்தைப் பார்த்தால், 3, 4 மில்லிமீற்றரில் வழுவழுப்பான முதுகோடு சில விரைந்தோடி மறையும். பிடிப்பது கஷ்டம். நான் செய்வது இதுதான்: சருகை அள்ளி வந்து, வெட்டிய பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேல்பாதியைப் புனலாகக் கவிழ்த்து, வலை ஒன்று போட்டு, அதன் மேல் சருகைப் பரப்பி, மேலே பல்ப் எரிய விடுவது. சருகு மேலிருந்து காயக் காய எல்லாம் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிக் குப்பிக்குள் விழும். எல்.இ.டி. பல்ப் சூடாகாது, பழைய குண்டு பல்ப் தேடி எடுக்க வேண்டும்.

குந்தியிருந்து சருகு கிளறும் ஆளை ஊர் சும்மா விடாது. பக்கத்து வளவு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

“என்ன தம்பி தேடுறீங்கள், சாவி கீவி விழுந்திட்டோ?”

“இல்லை அன்ரி, பூச்சி பாக்கிறன்.”

“அதுக்கு ஏன் பாக்கிறீங்கள்? மருந்தை அடிச்சு விடுங்கோ.”

மருந்து வேண்டாம், அவை நைந்த சருகைத்தான் தின்கின்றன, எப்போதாவது பிஞ்சு நாற்றைக் கடித்தால் உண்டு என்று சொன்னேன். அன்ரி நம்பவில்லை. அவருடைய கத்தரி நாற்றை ஏதோ தின்றிருக்கிறது. நத்தையாக இருக்கும் என்பது என் எண்ணம், வழக்கு இன்னும் முடியவில்லை.

குப்பிக்குள் விழுந்த சின்னதுக்கு வருவோம். லென்சில் உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். தடித்த கணுக்களுக்குப் பிறகு வரும் மெல்லிய நுனிப்பகுதி இரண்டு துண்டா, மூன்று துண்டா? கூட்டெருவில் ஓடிய நீலச் சாம்பலுக்கு இரண்டு. சருகில் ஓடும் இதற்கு மூன்று. மூன்று என்றால் பெரும்பாலும் பிலோசியிடே குடும்பம். பிறகு புரட்டிப் போட்டு வயிற்றின் பின்பகுதியைப் பாருங்கள். நீலச் சாம்பலுக்கு அங்கே இரண்டு சோடி வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். அவை காற்றைச் சுவாசிக்கும் நுரையீரல் அறைகள். சருகுக்காரனிடம் அந்த வெள்ளை இல்லை. வறண்ட இடத்தில் ஒன்று எப்படித் தாக்குப்பிடிக்கிறது, மற்றது ஏன் ஈரச் சருகை விட்டு வெளியே வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடும்பம் வரை வந்துவிட்டோம். இதற்கு மேல்தான் வெப்ப வலயத்தின் தலையிடி ஆரம்பம். ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் பரவியிருக்கும் பர்மோனிஸ்கஸ் என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொலிஞ் என்ற ஆங்கிலேயர் 1914இல் உருவாக்கியது. அதன் இனங்களை முதுகாலோ நிறத்தாலோ பிரிக்க முடியாது. ஆண் ஒன்று வேண்டும். ஆணில் வயிற்றுக்கு அடியிலுள்ள முதல் இரண்டு சோடித் தட்டு உறுப்புகள் விந்தைக் கடத்துவதற்காக உருமாறியிருக்கும். முதல் சோடியின் வெளிக்கிளை எப்படி வளைகிறது, உட்கிளையின் நுனி கூர்மையா, மடிந்ததா, ஓரத்தில் முட்கள் எத்தனை: இனம் இருப்பது இங்கேதான். 4 மில்லிமீற்றர் விலங்கில் அந்தத் தகடு ஒரு மில்லிமீற்றரை விடச் சின்னது. மெல்லிய ஊசிகள் இரண்டால் அதைக் கழற்றி, கிளிசரினில் வைத்து, நுண்நோக்கியில் பார்த்துக் கோட்டுப்படம் வரைய வேண்டும். மூச்சை இழுத்தாலே பறந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திருகோணமலை வெக்கையில் இதைச் செய்வது தனிச் சுகம்.

ஆண் கிடைப்பதும் நிச்சயமில்லை. ட்ரைக்கோரைனா டொமென்டோசா என்ற வெள்ளைக் குள்ளன் பெண்ணால் மட்டுமே பெருகுகிறது. வெப்ப அமெரிக்காவிலிருந்து பூச்சாடி மண்ணோடு உலகம் சுற்றுகிறது. நகூரஸ் கிறிஸ்டாட்டஸும் பெண்ணால் மட்டுமே பெருகும் இனம்தான். ஒரே ஒரு பெண் தப்பினாலும் புது ஊரில் குடித்தனம் தொடங்கிவிடலாம் என்பதால் இவை நல்ல பிரயாணிகள். வேறு சில இனங்களில் வொல்பாக்கியா என்ற பக்டீரியா உடலுக்குள் இருந்துகொண்டு, மரபணுப்படி ஆணாக வரவேண்டியதைப் பெண்ணாக மாற்றிவிடும். ஆர்மடில்லிடியம் வல்காரேயில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே குப்பி நிறையப் பெண்களை வைத்துக்கொண்டு விழிப்பது இந்த வேலையின் ஒரு பகுதி.

ஆண் கிடைத்தாலும், படம் வரைந்தாலும், எதோடு ஒப்பிடுவது? டென்மார்க்கைச் சேர்ந்த புட்டே-லுண்ட் 1885இல் உலகத் தரை ஐசோபொட்களைத் தொகுத்து எழுதிய புத்தகம் இலத்தீனில் இருக்கிறது. கொலிஞ் 1914இலிருந்து இந்திய ஐசோபொட்கள் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அந்தக் காலத்து விவரிப்புகள் பலவற்றில் நிறம், நீளம், முதுகின் சொரசொரப்பு எல்லாம் இருக்கும். ஆணின் உறுப்புப் படம் இருக்காது. அப்படியான பெயர் ஒன்றை இன்று உறுதிப்படுத்த வேண்டுமானால் ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் போத்தலுக்குள் இருக்கும் மூல மாதிரியை, பெயர் வைத்தவர் பார்த்த அதே விலங்கை, திறந்து பார்க்க வேண்டும். இத்தாலியில் புளோரன்சைச் சேர்ந்த ஸ்டெபானோ தைத்தியும் பிராங்கோ பெராராவும் பல ஆண்டுகளாக ஆசிய, ஆபிரிக்க இனங்களுக்கு இந்த வேலையைத்தான் செய்தார்கள். பழைய மாதிரிகளைத் திரும்பப் பார்த்து, வரைந்து, இரட்டைப் பெயர்களை ஒன்றாக்கி. 2003இல் ஷ்மால்ஃபுஸ் வெளியிட்ட உலகப் பட்டியல், எந்தப் பெயரை யார் எப்போது வைத்தார்கள், அது இன்று எந்தப் பேரினத்தில் இருக்கிறது என்பதை ஒரே இடத்தில் தருகிறது. அது இல்லாவிட்டால் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரன் முதல் மாதமே விட்டிருப்பான்.

என் அபிப்பிராயம் இதுதான்: வெப்ப வலயத்தில் பேரினத்தோடு நிறுத்துவது தோல்வி அல்ல, அதுதான் சரியான விடை. பர்மோனிஸ்கஸ், இனம் தெரியாது, ஆண் இல்லை என்று எழுதிய சீட்டு, கண்ணை மூடிக்கொண்டு போட்ட முழுப்பெயரை விடப் பயனுள்ளது. பிழையான பெயர் ஒருமுறை இணையத்தில் ஏறினால் அடுத்த செயலி அதைப் பாடமாகப் படிக்கும். அடுத்த ஆளுக்கு அதே பிழையை இன்னும் உறுதியாகச் சொல்லும்.

வளர்ப்பு வியாபாரத்தைப் பாருங்கள், நிலைமை புரியும். தாய்லாந்தின் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளிலிருந்து வந்த, மஞ்சள் முகத்தோடு இருக்கும் ‘ரப்பர் டக்கி’ என்ற ஐசோபொட்டுக்கு உலகம் முழுக்க இரசிகர்கள். நல்ல விலை. கியூபாரிஸ் என்று எழுதி விற்கிறார்கள், இனப்பெயர் இல்லை. இப்படி வியாபாரப் பெயரோடு மட்டும் சுற்றும் கியூபாரிஸ்கள் ஏராளம். கியூபாரிஸ் என்ற பேரினமே நெடுங்காலம் வேறு இடம் கிடைக்காத உருளும் ஐசோபொட்களைக் கொட்டும் கிடங்காக இருந்தது. முறையாகப் பெயர் வைக்குமுன் விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள்.

நிறத்தை நம்பி ஏமாறவும் வழிகள் உண்டு. ஐசோபொட் தோலுரிப்பது இரண்டு தவணையில்: முதலில் பின்பாதி, பிறகு முன்பாதி. இடையில் பிடித்தால் பாதி வெளிறி, பாதி கருமையாக இருக்கும். புது இனம் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளத் தோன்றும். ஊதா கலந்த நீலத்தில் மினுங்கும் ஒன்று கிடைத்தால் அது வைரஸ் தொற்று. உடலுக்குள் வைரஸ் துகள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம். பார்க்க அழகு, ஆனால் அந்த விலங்கு அதிக நாள் தாங்காது.

கடற்கரைக்குப் போனால் வேறு உலகம். உட்துறைமுகப் பக்கத்துக் கற்களில், மாலையில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பெரிய கண்ணும் பின்னால் இரட்டை வாலுமாக ஓடுபவை லிஜியா என்ற ஐசோபொட் பேரினம். உணர்கொம்பு நுனியில் துண்டுகள் எண்ணி மாளாது. லிஜியா எக்சோட்டிகாவை 1828இல் ரூ என்ற ஆய்வாளர் விவரித்தது பிரான்சின் மார்சேய் துறைமுகத்திலிருந்து. துறைமுகம் துறைமுகமாகப் பரவிய இனம். இந்து சமுத்திரத்தில் லிஜியா டென்டிபெஸ் என்றும் ஒன்று உண்டு. கல்லில் ஓடும்போது எது எது என்று நான் சொல்லமாட்டேன். இங்கும் ஆண் வேண்டும். மரபணு பார்த்தவர்கள் இன்னும் வயிற்றைக் கலக்குகிறார்கள். ஹவாயில் ஒரே இனம் என்று நினைத்திருந்த லிஜியாவை 2019இல் பல இனங்களாகப் பிரித்தார்கள். அதே ஆண்டு வேறொரு ஆய்வு, லிஜியாவும் மற்றத் தரை ஐசோபொட்களும் ஒரே மூதாதையிலிருந்து கரையேறியவை அல்ல என்று மரபணு ஆதாரத்தோடு சொன்னது. அப்படியென்றால் கரையேற்றமே ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கிறது.

தேடிப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் அலைய வேண்டாம். எல்லாம் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு தொடங்குங்கள். புறாத் தீவு தேசியப் பூங்கா, அங்கே கல்லைக்கூடப் புரட்டக் கூடாது. கோட்டைக்குள்ளும் வேண்டாம், இராணுவம் இருக்கும் இடம். பிடித்ததை ஸ்பிரிட்டில் போடுமுன் உயிரோடு படம் எடுங்கள், ஸ்பிரிட் நிறத்தைத் தின்றுவிடும். உருவம் பார்க்க 70 வீத அற்ககோல் போதும், மரபணுவுக்கு 95 வேண்டும். மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்ப நினைத்தால் முதலில் அனுமதி எடுங்கள். எனக்குப் படம் அனுப்புபவர்கள் வாலின் மேற்பக்கம், வயிற்றுப்பக்கம், உணர்கொம்பின் நுனி என்று மூன்று அனுப்பினால் குடும்பமாவது சொல்லிவிடுவேன். கால் 6 சோடிதான் இருக்கிறது என்றால் அது தாயின் பையிலிருந்து இப்போதுதான் வந்த குட்டி. ஏழாவது சோடி தோலுரித்த பிறகுதான் வரும். அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், பெயர் எடுக்க உதவாது.